ஜெனிட்டா சொன்ன விலை

"இன்னைக்கு வெல இல்ல டீச்சர்."

மணப்பாட்டிலிருந்து தாசன் அண்ணாச்சி போனில் சொன்ன முதல் வாக்கியம் அது. தினமும் காலையில் அவர் வாயைத் திறக்கும்போதே ஒரு மீனின் பெயர் வந்துவிடும். சீலா, பாறை, கணவாய் என்று அன்றைய ஏல விலையை வரிசையாகச் சொல்லி முடித்து, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிடுவார். அன்றைக்கு அவர் குரலுக்குப் பின்னால் தகரத்தை யாரோ இழுத்துக் கிழிப்பது போன்ற சத்தம்.

"ஏன் அண்ணாச்சி, ஏலம் நடக்கலையா?"

"எங்கன நடக்க? ஏலக்கூடத்துக் கூரை பறந்துட்டு. வள்ளத்தையெல்லாம் மேட்டுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கோம். கச்சான் காத்து இப்படித் திடீர்னு அடிச்சு நான் பாத்ததில்ல. உங்க பக்கமாத்தான் ஏறி வருது. அங்கன எப்படி இருக்கு?"

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்து கிரேன்கள் தூரத்தில் அசையாமல் நின்றன. கீழே உலர்த்தப் போட்டிருந்த வலையின் ஒரு நூல்கூட ஆடவில்லை.

"இங்க ஒண்ணுமே இல்லையே."

"வரும்" என்றார். லைன் அறுந்துவிட்டது.

எதிரே, மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெனிட்டா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் மிக்கேல் விடியற்காலையிலேயே கடலுக்குப் போயிருந்தான். அந்த ஊரின் படகுகள் அநேகமாக எல்லாமே போயிருந்தன.

ஒரு போன் கடைப் படிப்பு

அந்த அறையில் நானும் ஜெனிட்டாவும் ஒரு மைக்கும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்லாவிட்டால் மேலே நடந்தது விளங்காது.

இந்தத் தொடரில் தில்லி வாழ்க்கையைச் சென்ற வாரத்தோடு மூட்டை கட்டிவிட்டேன். அங்கே என் ஆராய்ச்சிப் படிப்பு செல்போனைப் பற்றியது. கையில் ஒரு போன் வந்துவிட்டால் சாதாரண மனிதனின் பேரம் பேசும் பலம் கூடுமா, குறையுமா என்பதுதான் கேள்வி. அப்போது துறையில் மற்றவர்களெல்லாம் வங்கி, வரி, அந்நியச் செலாவணி என்று கனமான விஷயங்களில் இருந்தார்கள். "உங்கள் போன் கடைப் படிப்பு எப்படிப் போகிறது?" என்று ஒரு பேராசிரியர் காண்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்பார். நானும் சிரித்துவைப்பேன். பிறகு உலகமே போனுக்குள் போய்விட்டது. அதே பேராசிரியர் டிஜிட்டல் பொருளாதாரம் பற்றிய கருத்தரங்குகளுக்குத் தலைமை தாங்க ஆரம்பித்தார்.

ஊர்ப்பக்கம் திரும்பி வந்து ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், எனக்கென்று ஒரு பெரிய ஆய்வு அமைந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்த ஸ்ரீதர் என் கூட்டாளி. சென்னைக்காரர், என்னைவிட மூத்தவர், சொன்ன சொல் தவறாதவர்.

ஆய்வு எளிமையானது. எங்கள் கரையில் இருந்த ஃபைபர் படகுகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பாதியாகப் பிரித்தோம். ஒரு பாதிக்குத் தினமும் காலையில், சுற்றுவட்டார இறங்குதளங்களில் எந்த மீன் என்ன விலை என்று போனில் குரல் செய்தி போகும். மறு பாதிக்குப் போகாது. விலை முன்கூட்டித் தெரிந்தவர்கள் படகை எந்தக் கரைக்குத் திருப்புகிறார்கள், அதனால் அவர்கள் வாழ்க்கையில் என்ன மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் திட்டம். ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் செய்தி கிடைக்கும் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லி, சம்மதம் வாங்கியிருந்தோம்.

அந்தக் குரல்தான் ஜெனிட்டா. பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவள். சொந்த ஊர்க்காரி என்பதால் எடுத்தேன். எடுத்த பிறகுதான் அவள் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. எழுத்தில் செய்தி அனுப்பலாம் என்று ஸ்ரீதர் சொன்னபோது, "கை பூரா செதிலு, மூஞ்சிக்கு நேரா வெயிலு. யாரு சார் வாசிப்பா?" என்று வீடியோ காலிலேயே கேட்டவள். அன்றிலிருந்து எல்லாம் குரல்தான்.

ஆழ்வார்திருநகரியில் இருந்த என் அம்மாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. கணக்கு வாத்தியார் வீட்டில் பிறந்து, தில்லி வரை போய்ப் படித்துவிட்டு, மகள் மீன் ஏலத்தில் நிற்கிறாள். வாரக் கடைசியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கொல்லைப்புறமாகத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். தலைக்குக் குளித்து, துணியைத் தனியாக நனைத்த பிறகே சாப்பாடு. "எவ்வளவு சீயக்காய் போட்டாலும் உன் தலை கடலாத்தான் நாறறது" என்பாள். சாப்பாட்டைப் போட்டுவிட்டு, "சரி, இன்னிக்கு என்ன மீன் ஒசத்தி?" என்று கேட்கவும் கேட்பாள். வாழ்நாளில் மீனைத் தொட்டறியாத அவளுக்கு நெய்மீன் விலை அத்துப்படி.

இருக்கட்டும். அந்தக் காலைக்கு வருகிறேன்.

காற்றை யார் நம்புவார்

முதலில் எச்சரிக்கைதான் அனுப்பினோம். மணப்பாட்டில் கடும் காற்று, வடக்கே வந்துகொண்டிருக்கிறது, உடனே கரைக்குத் திரும்புங்கள் என்று ஜெனிட்டா பேசினாள். அரசு எச்சரிக்கையும் போன்களுக்குப் போயிருந்தது. கோயில் மைக்கிலும் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த ஒலி கரையைத் தாண்டாது.

எந்தப் படகும் திரும்பியதாகத் தெரியவில்லை. மிக்கேலை நானே கூப்பிட்டேன். கரைக்கு எதிரே கடலில் இருந்த தீவைத் தாண்டி இருந்தாலும் சிக்னல் எட்டியது.

"கேட்டேன் டீச்சர், கேட்டேன். போன வாரம் பூரா காத்து, காத்துன்னுதான சொன்னாங்க? வீட்டுல உக்காந்ததுதான் மிச்சம். ஒரு கொடி ஆடல."

"இது மணப்பாட்டுல நேர்ல பாத்தவர் சொன்னது மிக்கேல்."

"கணவாய் அள்ளுது டீச்சர். இப்படிப் பட்டு எத்தன நாளாச்சு தெரியுமா? இங்கன தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு. இதப் போட்டுட்டு எவன் வருவான்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் வைத்துவிட்டான்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பருவத்தில் எச்சரிக்கை வராத நாள் குறைவு. எல்லா எச்சரிக்கையையும் மதித்தால் அடுப்பெரியாது. அதிலும் கச்சான் ஒரு மோசமான காற்று. கரையிலிருந்து கடலுக்குள் வீசும். கிளம்பிய பிறகு திரும்ப நினைத்தால் எதிர்காற்றில் எஞ்சின் திணறும். படகு முன்னால் வருவதற்குப் பதில் பின்னால் போகும். காற்று வருவதற்கு முன்பே திரும்பினால்தான் உண்டு.

ஜெனிட்டா மைக்கை அணைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"காத்த நம்ப மாட்டாங்க டீச்சர். வெலைய நம்புவாங்க."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காதது போல, "என்ன சொல்ற?" என்றேன்.

"கணவாய்க்கு நம்ம கரையில வெல ஏறிட்டுன்னு சொல்லுவோம். கேரளா வண்டி வந்து நிக்கு, கொஞ்ச நேரத்துல கெளம்பிரும்னு சொல்லுவோம். அடிச்சுப் பிடிச்சு வருவாங்க."

"வந்து பார்த்தா வண்டி இருக்காதே."

"ஆளு இருக்கும்லா?"

ஸ்ரீதர் சொன்னது

நான் ஸ்ரீதரைக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டு பேருடைய ஆய்வை ஒருத்தி தனியாகக் கலைக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். வேண்டாம் என்று ஒருவர் உறுதியாகச் சொல்லிவிட்டால் என் பாரம் குறையும் என்றும் இருக்கலாம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "எச்சரிக்கையை எல்லாருக்கும் அனுப்பு. ரெண்டு பாதிக்கும் அனுப்பு. அதுல எனக்கு ஆட்சேபணையே இல்ல. திரும்பத் திரும்ப அனுப்பு. ஆனா விலையில கை வைக்காத."

"எச்சரிக்கையை நம்ப மாட்டேங்கறாங்க ஸ்ரீதர்."

"விலையை ஏன் நம்பறாங்க? இவ்வளவு நாளா ஒரு தடவைகூட நீ பொய் சொன்னதில்ல, அதனால. ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் எது உண்மை? நாம அளக்கறதே அந்த நம்பிக்கையைத்தான். அதையே உடைச்சுட்டா கையில ஒண்ணும் இருக்காது." கொஞ்சம் நிறுத்தி, "சரி, காத்து திசை மாறிப் போயிடுச்சுன்னு வெச்சுக்கோ. அப்போ என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. பாடம் நடத்தும் இடத்தில் நான் இருந்தால் அதையே சொல்லியிருப்பேன்.

போனை வைத்தேன். ஜெனிட்டா ஜன்னலருகே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"வேண்டாம்னுட்டாரா?"

"ஆமா."

"எங்க அண்ணன் அங்கன இருக்கான் டீச்சர். உங்க ஆய்வும் அங்கனதான மெதக்குது?"

கீழே ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கால் வைத்திருந்த தரை அதிர்ந்தது.

"நீதான் இந்த ஊர்ல இருக்கப் போறவ. நாளைக்கு நான் பஸ் ஏறிப் போயிடலாம். யோசிச்சியா?" என்று கேட்டேன்.

"யோசிச்சுட்டேன். ரெக்கார்ட் போடுங்க."

அவள் பேசினாள். வழக்கமான அதே வணக்கம், அதே நிதானம். கணவாய் விலை நம் கரையில் ஏறியிருக்கிறது, கேரளா வண்டிகள் வந்து நிற்கின்றன, ஐஸ் கரைவதற்குள் கிளம்பிவிடுவார்கள், சீக்கிரம் கரை சேருங்கள். ஓர் இடத்திலும் குரல் பிசகவில்லை.

செய்தி பெறும் பாதி, பெறாத பாதி என்று திரையில் இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டையும் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். பல வருட உழைப்பு ஒரு சொடுக்கில் போய்விட்டது. அந்த நேரத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை என்று எழுத ஆசைதான். தெரிந்தது.

வண்டி எங்கே?

முதல் படகு கண்ணுக்குத் தெரிந்தபோது நாங்கள் மணலில் நின்றிருந்தோம். பிறகு இரண்டு, பிறகு கும்பலாக. படகின் மூக்கான முன்னணியத்தைத் தூக்கி, நுரை தள்ளி, போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். வழக்கமாகச் செய்தி பெறாத பாதியும் வந்தது. போனை எடுக்காதவனுக்கும் பக்கத்துப் படகுக்காரன் கத்திச் சொல்லாமல் இருப்பானா?

எல்லாப் படகும் கணவாயோடு ஒரே நேரத்தில் கரைக்கு வந்தால் என்ன ஆகும் என்று பொருளாதாரம் படித்த நான் யோசிக்கவில்லை. உள்ளூர் வியாபாரி ஒரே ஒருவர்தான் தராசோடு நின்றார். குவியலைப் பார்த்ததுமே விலையைப் பாதாளத்துக்கு இறக்கிவிட்டார்.

"ஏளா, வண்டி எங்க?"

கேட்டது சூசை. அங்கிருந்த படகுக்காரர்களில் மூத்தவர். கூடையை மணலில் வைத்துவிட்டு நேராக ஜெனிட்டாவிடம் வந்தார். அவருக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்தது.

நான் முன்னால் போனேன். "வண்டி வரல அண்ணாச்சி. விலையும் ஏறல. பொய் சொன்னோம். காத்துக்குப் பயந்து உங்களைத் திருப்பறதுக்காகச் சொன்னோம். சொல்லச் சொன்னது நான்."

சூசை அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஒரு மேகம் இல்லை.

"எங்க காத்து?"

நான் தெற்கே மணப்பாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"வியாபாரிகிட்ட எவ்வளவு வாங்குனீய?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அவனுக்கு அள்ளிக் குடுக்கத்தான் எங்கள எல்லாம் ஒண்ணா வரவச்சீயளோ?"

"சொந்த ஊருக்காரியே சொல்லுதாளேன்னு நம்பி வந்தோம். வெக்கமா இல்லையாளா உனக்கு?"

யாரோ ஒரு கணவாயை வீசினார்கள். ஜெனிட்டாவின் தோளில் பட்டு, மை சட்டையெல்லாம் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. நகரவும் இல்லை. அவள் கண் கடலின் மீதே இருந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. வந்த படகுகளில் மிக்கேலின் படகு இல்லை.

அந்த நிமிடம் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். காற்று வந்தால் தேவலை என்று நினைத்தேன். கடலில் அந்தப் படகில் இன்னும் மூன்று மனிதர்கள் இருக்கும்போது, நான் பொய்க்காரி இல்லை என்று நிரூபிக்கப் புயல் வர வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அப்படி நினைத்தது தெரிந்ததும் உடம்பு கூசிப்போயிற்று.

காற்று வந்தது.

முதலில் காதில் ஓர் அடைப்பு. பிறகு ஊருக்குள்ளிருந்து மணல் எழும்பி முதுகில் அடித்தது. வியாபாரியின் சாக்குப் பந்தல் கம்போடு பிடுங்கிக்கொண்டு கடலுக்குள் பறந்தது. கண்ணாடி போலக் கிடந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்து, வெள்ளை வெள்ளையாகப் பொரிந்தது. என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் படகுகளை நோக்கி ஓடினார்கள். நானும் ஜெனிட்டாவும் ஓடி ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தோம். யாருடைய படகு என்று தெரியாது. யாரும் எங்களை விலகிப் போகச் சொல்லவில்லை.

வராத படகு

மிக்கேலின் போன் அடிக்கவே இல்லை. அவன் மனைவி ரோஸ்லின் ஓடி வந்தாள். அவளுக்கு விவரம் எல்லாம் தெரிந்திருந்தது.

"நீ சொல்லியுமா வரல?" என்று நாத்தனாரைக் கேட்டாள். கோபமில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

ஜெனிட்டா மறுபடி அண்ணனின் எண்ணை அழுத்தினாள்.

மீட்புப் படகுக்குச் சொல்லியாயிற்று. அந்தக் காற்றில் அதுவும் உடனே கிளம்ப முடியவில்லை. சூசை எங்களிடம் வந்தார். என்னைப் பார்க்காமல், ஜெனிட்டாவின் சட்டையிலிருந்த மையைப் பார்த்தபடி, "தீவுப் பக்கமாத்தான் நின்னான். எஞ்சின் நல்ல எஞ்சின். வந்துருவான்" என்றார். அவர் குரலில் அந்த நம்பிக்கை இல்லை.

இருட்டும்வரை நின்றோம். பிறகு கோயில் வாசலில் உட்கார்ந்தோம். பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஜெபம் தெரியாது. தெரிந்த பாசுரங்களும் நாக்கில் வரவில்லை. ரோஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவள் கை கடைசிவரை சில்லென்றே இருந்தது.

விடிந்து காற்று தணிந்த பிறகு மீட்புப் படகு போயிற்று. வெயில் ஏறும் நேரத்தில் அது திரும்பி வந்தபோது, பின்னால் கயிற்றில் ஒரு ஃபைபர் படகு ஆடிக்கொண்டு வந்தது. அதில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மிக்கேல் இறங்கியதும் ரோஸ்லின் அவனை நெஞ்சிலும் தோளிலுமாக அடித்தாள். அவன் வாங்கிக்கொண்டான். உதடு வெடித்து, கண் சிவந்திருந்தது. தங்கையைப் பார்த்துச் சிரித்தான்.

"எப்பம் இருந்து பொய் சொல்லப் படிச்ச?"

ஜெனிட்டா அப்படியே நின்றாள். "பொய்னு தெரிஞ்சுதா?"

"உன் சத்தம் எனக்குத் தெரியாதாளா? நெசத்தச் சொல்லும்போது நீ இவ்வளவு ஒழுங்காப் பேச மாட்ட."

"அப்பம் அதனாலதான் வரலையா?"

"கேளு. பயலுவ ரெண்டு பேரும் வெல ஏறிட்டு, போவோம்னானுவ. நான் இவ பொய் சொல்லுதாளேன்னேன். பொறவு யோசிச்சேன். வெலைக்காக இவ பொய் சொல்ல மாட்டாளே. அந்த டீச்சரும் சொல்லாது. ரெண்டும் சேந்து பொய் சொல்லுதுன்னா அங்க என்னமோ பயந்து கெடக்குதுவ. அப்பம் காத்து நெசம்தான். அப்படித்தான் வலைய அறுத்துப் போட்டுட்டுக் கெளம்புனேன்."

கரைக்கு வர நேரமிருக்காது என்று கணக்குப் போட்டு, தீவின் கிழக்குப் பக்கம் ஒதுங்கி, படகை மணலில் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். போன் நனைந்து செத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

மற்றவர்கள் விலையை நம்பித் திரும்பினார்கள். இவன் விலையை நம்பாததால் தப்பித்தான். இதை எந்தச் சூத்திரத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிறகு

நடந்தது அனைத்தையும் எழுதி, ஆய்வுக்கு உதவிய நிறுவனத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினேன். ஆய்வை நிறுத்தினார்கள். ஸ்ரீதர் தன் பெயரை விலக்கிக்கொண்டார். "நீ செஞ்சது தப்புன்னு என்னால சொல்ல முடியல. ஆனா இதப் பத்தி எழுதற எந்தக் கட்டுரையிலயும் என் பேர் இருக்க முடியாது" என்றார். இப்போதும் பேசிக்கொள்கிறோம், மீனைப் பற்றிப் பேசுவதில்லை.

பதவி உயர்வு நேர்காணலில் ஒருவர், "நீங்கள் ஆய்வாளரா, சமூக சேவகியா?" என்று கேட்டார். "அதைத் தீர்மானிக்க அன்றைக்குக் காலையில் நேரமில்லை சார்" என்றேன். பதவி உயர்வு வரவில்லை.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். சிலர் கைகூப்பினார்கள். சிலருக்குக் கோபம் தீரவே இல்லை. உயிர் பிழைத்தது வேறு, ஏமாந்தது வேறு என்றார்கள். கடைசியில் விலைச் செய்தி தொடரட்டும், ஆய்வு கீய்வு எதுவும் இல்லாமல் எல்லாப் படகுக்கும் வரட்டும், ஜெனிட்டாவே பேசட்டும் என்று முடிவாயிற்று.

மறுபடி தொடங்கிய நாளில் நானும் அந்த அறையில் இருந்தேன். தாசன் அண்ணாச்சி சொன்ன விலைகளை அவள் பேசி அனுப்பினாள். முன்பெல்லாம் செய்தி போனதும் அறை அமைதியாகிவிடும். அன்றைக்குப் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒன்று மாற்றி ஒன்று.

"ஏளா, நெசமா?"

"நெசந்தான் அண்ணாச்சி."

அடுத்த அழைப்பு. "நெசமாளா?"

"நெசம், நெசம்."

சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். காதில் வைத்த போன் சூடாகி, இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். அன்றைக்கு மட்டுமல்ல, பல மாதங்கள் காலை நேரம் அப்படியே போயிற்று.

மிக்கேல் மட்டும் ஒரு நாளும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.